நூற்று ஏழு

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து முதல் நாள். இந்த ஏற்காட்டு மலைப் பள்ளிக்கு மாற்றுப்பணியில் வர வேண்டிய ஆசிரியர் இன்னும் வரவில்லை. ஐந்து வகுப்பும் ஒரே அறையில்.

மூன்றாம் வகுப்புக்கு எண்களைச் சொல்லி எழுத வைத்ததில் 'நூற்று ஏழு' என்பதை ஒன்பது பேரில் ஆறு பேர் 1007 என்று எழுதியிருக்கிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று சொல்லவே கூடாது. காதில் விழுந்ததை விழுந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறது பிள்ளை. நூறு, அதற்கு 100. பக்கத்திலேயே ஏழு, அதற்கு 7. தவறு காதில் இல்லை. இடமதிப்பு இன்னும் கைக்கு வரவில்லை. சிவப்பு மையில் அடித்துவிட்டு 107 என்று எழுதிக் காட்டினால் நாளைக்கு 107 சரியாக வரும், 109 மறுபடி 1009 ஆகும்.

நவம்பர் 5, செவ்வாய்

இன்றைய ஏற்பாடு. ஒன்று முதல் மூன்று வரை வகுப்பு பார்க்காமல், கற்றல் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று வட்டம். நான்கும் ஐந்தும் சுவர் ஓரம் ஒரு வட்டம். ஆக நான்கு வட்டம், ஒரு ஆசிரியர். ஒரு வட்டத்துக்கு நேரடிக் கற்பித்தல் 20 நிமிடம். அந்த நேரத்தில் மற்ற மூன்றில் ஒன்று எழுத்து வேலை, ஒன்று இருவர் சேர்ந்து வாசிப்பு, ஒன்று கையால் செய்யும் வேலை.

கெட்டுப்போகிற இடம் எழுத்து வேலைதான். பத்துக் கணக்குக் கொடுத்தால் எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு "சார், முடிச்சிட்டேன்" என்று வரிசையாக வந்து நிற்பார்கள், நேரடிக் கற்பித்தல் அறுந்துபோகும். அதற்காக ஒவ்வொரு கணக்கும் தனி அட்டையில் இருக்க வேண்டும், விடை அட்டையின் பின்பக்கம். முடித்தவர் தானே திருப்பிப் பார்த்துக்கொள்வார். தவறானவற்றை மட்டும் ஒரு டப்பாவில் போடச் சொன்னேன். மாலையில் அந்த டப்பாவைப் பார்த்தால் போதும்.

மூன்றாம் வகுப்பு முதல் அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனி. அதற்குக் கீழே இரண்டும் சூழ்நிலையியலில் ஒன்றாக இருக்கின்றன. ஒரே அறை என்பதால் அந்தக் கோடு தானாக அழிந்துவிடுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை.

நவம்பர் 6

பனிமூட்டம். பதினொரு மணிக்கும் கரும்பலகை தெரியவில்லை.

நவம்பர் 7, வியாழன்

எண் அட்டை செய்தாயிற்று. தினசரிக் காலண்டர் அட்டை போதும். உயரம் எல்லாவற்றுக்கும் 5 செ.மீ. அகலம்தான் உயிர்: ஒன்றுகள் 5 செ.மீ., பத்துகள் 10, நூறுகள் 15. ஒவ்வோர் இலக்கமும் தன் 5 செ.மீ. கட்டத்தின் நடுவில் உட்கார வேண்டும். 100 அட்டையைக் கீழே வைத்து, 7 அட்டையை அதன்மேல் வலது ஓரம் சேரும்படி வைத்தால் கடைசிச் சுழி மறைந்து 107 தெரியும். 100 எங்கேயும் போகவில்லை. 7-ஐத் தூக்கினால் அடியில் சுழி இருக்கிறது. அந்தத் தூக்கிப் பார்க்கிற நொடிக்காகத்தான் இவ்வளவு வெட்டலும் ஒட்டலும்.

எல்லா அட்டையையும் ஒரே அகலத்தில் வெட்டிவிட்டால் 100-க்குப் பக்கத்தில் 7 போய் உட்காரும். நாமே 1007 சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

அட்டைக்கு முன்னால் துடைப்பக்குச்சி. பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போடுவதைப் பிள்ளைகளே செய்ய வேண்டும். நாம் கட்டிக் கொடுத்த கட்டை அவர்கள் ஒன்று என்றே எண்ணுகிறார்கள்.

நவம்பர் 8, வெள்ளி

மொட்டு வட்டத்துக்கு உகரம். கு, சு, டு, ணு, து என்று அகரவரிசையில் போனால் ஒவ்வோர் எழுத்துக்கும் வடிவம் மாறி, பிள்ளை எதையும் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. வடிவம் பார்த்துப் பிரித்தால் மூன்றே குடும்பம். கீழே நேராக இறங்குபவை ஙு, சு, பு, யு, வு. வளைந்து சுற்றுபவை கு, டு, மு, ரு, ழு, ளு. கால் மடக்கித் தூக்குபவை ஞு, ணு, து, நு, லு, று, னு. ஐந்து, ஆறு, ஏழு, மொத்தம் பதினெட்டு. ஙு-வையும் ஞு-வையும் பட்டியலில் மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம், சொல்லில் வராது.

ஒரு நாளைக்கு ஒரு குடும்பம். மூன்றாம் நாளில்தான் கலக்க வேண்டும். முன்னாலேயே கலந்தால் 'லு'வுக்கு 'மு'வின் சுழி வந்து ஒட்டிக்கொள்கிறது.

நவம்பர் 11, திங்கள்

ஐந்தாம் வகுப்பு நிலாக் கட்டத்தைத் திறந்து பார்த்தேன். போன திங்கள் முதல் தினமும் மாலை ஆறரைக்கு நிலாவைப் பார்த்து ஒரு கட்டத்தில் வரைய வேண்டும். ஏழு கட்டமும் எல்லோர் நோட்டிலும் நிறைந்திருக்கிறது. இரண்டு நாள் மலை முழுக்க மேகம், யாருக்கும் நிலா தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கட்டம் காலியாக இருந்தால் திட்டு விழும் என்று நிரப்பியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது நாம்தான். 'தெரியவில்லை, மேகம்' என்று எழுதிய கட்டத்துக்கு முழு மதிப்பெண் என்று இன்று அறிவித்தேன். அறிவியல் பாடத்தில் இதைவிடப் பெரிய பாடம் தொடக்கப் பள்ளியில் இல்லை.

நான்கு மணிக்கு எல்லோரையும் வெளியே கூட்டிப் போய்க் கிழக்கே காட்டினேன். வெளிச்சத்தில் வெளிறிய நிலா. "பகல்ல நிலா வராது சார்" என்று காலையில் அடித்துச் சொன்ன பிள்ளை வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றது.

நவம்பர் 12

மாற்றுப்பணிக்கு ஆள் வரவில்லை. நூற்று ஒன்பது: நான்கு பேர் 1009.

நவம்பர் 13, புதன்

வரைபடம். நான்காம் வகுப்பு.

முதல் சிக்கல் பார்வை. வகுப்பறையை மேலிருந்து பார்ப்பதுபோல வரையச் சொன்னால் பெஞ்சுக்கு நான்கு காலும் வரைகிறார்கள். தரையில் தீப்பெட்டியை வைத்து, பெஞ்சுமேல் ஏறி நின்று நேர் கீழே பார்த்து வரையச் சொன்னால் செவ்வகம் மட்டும் வருகிறது. அதற்கப்புறம் பாத அளவு: ஒரு பாதத்துக்குக் கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டம். நெட்டைப் பிள்ளையின் அறை சின்னதாகவும் குட்டைப் பிள்ளையின் அறை பெரிதாகவும் வரும். வரட்டும். 'எல்லோருக்கும் ஒரே அளவு வேணும் சார்' என்று அவர்களே கேட்பார்கள். மீட்டர் அளவுகோலை எடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

இரண்டாவது சிக்கல் இந்த மலைக்கே உரியது. வரைபடத்தில் மேலே வடக்கு என்று சொல்லிவிட்டால் போதும் என்று எல்லா ஊரிலும் நினைத்துக்கொள்கிறோம். இங்கே 'மேலே' என்றால் மேடு, 'கீழே' என்றால் சேலம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் கீழே. வரைபடத்திலும் ஏற்காட்டுக்குக் கீழேதான் சேலம் இருக்கிறது, காரணம் அது தெற்கே இருப்பது. பிள்ளை சொன்ன விடை சரியாகிவிடுவதால் உள்ளே இருக்கிற தவறு நம் கண்ணில் படுவதேயில்லை. தருமபுரியைக் கேட்டேன், உடனே வெளியே வந்தது. வரைபடத்தில் ஏற்காட்டுக்கு மேலே இருக்கிறது தருமபுரி. "அப்ப தருமபுரி நம்மளவிட உசரமான மலையா?" ஐந்து பேர் ஆமாம் என்றார்கள்.

இனி அறையில் 'மேலே, கீழே' கிடையாது. வடக்கே, தெற்கே மட்டும். வரைபடத்தைச் சுவரில் மாட்டவும் கூடாது. தரையில் விரித்து, காம்பஸ் ஊசி பார்த்து வடக்கு வடக்கோடு சேரும்படி திருப்பி வைக்க வேண்டும். அதன்பின் மேட்டூர் எங்கே என்று கேட்டால் கையை மேற்கே நீட்டினார்கள், சரியான பக்கம்.

நவம்பர் 14

குழந்தைகள் நாள். பாட்டு, மிட்டாய். பாடம் இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

பௌர்ணமி. மேகம் எப்படியிருந்தாலும் அவர்கள் பார்த்ததை எழுதுவார்கள்.

பிறை ஏன் தேய்கிறது என்பதற்குப் பந்து செய்முறை. குச்சியில் குத்திய வெள்ளைப் பந்து ஒன்று, இருட்டறையில் ஒரே ஒரு பல்பு. பிள்ளையின் தலைதான் பூமி. பந்தைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டும். பந்து தலை உயரத்துக்குச் சற்று மேலே இருப்பது முக்கியம். நேர் உயரத்தில் பிடித்தால் தலை நிழல் பந்தில் விழுந்து, பௌர்ணமி வர வேண்டிய இடத்தில் கிரகணம் வரும். 'பூமியின் நிழலால்தான் பிறை' என்ற தவறு அங்கேதான் முளைக்கிறது. அதை அப்புறம் பிடுங்குவது மிகக் கடினம்.

நவம்பர் 18, திங்கள்

302 - 157. நான்காம் வகுப்பில் பாதிப் பேருக்கு 255.

ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்கள். ஏழில் இரண்டு போக ஐந்து, ஐந்தில் சுழி போக ஐந்து, மூன்றில் ஒன்று போக இரண்டு. கணக்கு ஒழுங்காகவே இருக்கிறது, எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதுதான் தலைகீழ். மறுபடியும் சுழி. 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பக்கத்து வீடு காலி என்றால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

குச்சிக்கே திரும்பினேன். மூன்று நூற்றுப் பையில் ஒன்றைப் பிரித்தால் பத்துக் கட்டு. அதில் ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினால் பத்துக் குச்சி. இப்போது 2 பை, 9 கட்டு, 12 குச்சி. அதிலிருந்து 157 எடுத்தால் 145. நாளைக்கும் இதே கணக்கு, வேறு எண்ணில்.

நவம்பர் 20, புதன்

ஆங்கிலம். தமிழில் எழுத்தின் பெயரே அதன் ஒலி. 'ப' என்று படித்தால் 'ப' என்றே ஒலிக்கும். அதே நம்பிக்கையில் சி, ஏ, டி என்று எழுத்துக் கூட்டிவிட்டு, சேர்த்தால் 'கேட்' எப்படி வருகிறது என்று தெரியாமல் பிள்ளை விழிக்கிறது. பெயரைத் தள்ளிவைத்துவிட்டு ஒலியை முதலில் கொடுக்க வேண்டும்.

ஆங்கிலத்தின் 'பி' இரண்டுக்கும் (p, b) நம் எழுத்தில் ஒரே 'ப'. ஆனால் வாயில் இரண்டும் இருக்கின்றன. 'பம்பரம்' சொல்லச் சொல்லித் தொண்டையில் விரல் வைக்கச் சொன்னேன். முதல் 'ப' சும்மா வரும், 'ம்' அடுத்து வரும் 'ப' அதிரும். முதலாவது பேனாவின் ஒலி, இரண்டாவது பஸ்ஸின் ஒலி. 'கம்பங்கூழ்' என்றால் 'க'வுக்கும் இதே கதை. புது ஒலியாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை, இருப்பதைக் காட்டினால் போதும்.

சிறிய எழுத்தில் பஸ்ஸின் 'பி'யையும் (b) 'டி'யையும் (d) ஒரே வாரத்தில் கொடுக்கக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம்.

நவம்பர் 22

காப்பிப் பழம் பறிப்பு. பதினோரு பேர் வரவில்லை. திரும்பி வரும் பிள்ளைக்கு விட்ட பாடத்தைத் தொடக்கத்திலிருந்து நடத்த நேரம் இருக்காது. ஆளுக்குப் பத்துக் கேள்வி: நான்கு எண், மூன்று சொல், ஒரு வரி வாசிப்பு, ஒரு கழித்தல், ஒரு படம். எங்கே நின்றுபோனது என்று தெரிந்துவிடும். அங்கிருந்து தொடர வேண்டும்.

நவம்பர் 26, செவ்வாய்

618-ஐ 6-ஆல் வகுத்தால் ஐந்தாம் வகுப்பில் 13.

ஒன்றில் ஆறு போகாது என்று தெரிகிறது, சுழி போடாமல் அடுத்ததற்குத் தாவுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு சுழி அதிகம், ஐந்தாம் வகுப்பில் ஒரு சுழி குறைவு. இரண்டும் ஒரே நோய். வகுத்தல் படியைத் திரும்பத் திரும்ப எழுத வைத்து இது போகாது. 600 ரூபாயை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்று முதலில் கேட்க வேண்டும். நூறு என்றார்கள். அப்படியானால் 618-க்குப் பதின்மூன்று ரூபாயா? நோட்டை அவர்களே இழுத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 28

ட-வுக்கு முன்னால் ண், ற-வுக்கு முன்னால் ன், த-வுக்கு முன்னால் ந். வண்டி, கன்று, பந்து. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பெயரிலேயே விதி இருக்கிறது. மூன்று சுழி, இரண்டு சுழி என்று பெயர் வைத்து அதைத் தொலைத்துவிட்டோம்.

டிசம்பர் 2

மழை. பள்ளி இல்லை.

டிசம்பர் 4, புதன்

ஏழு பேர் வந்தார்கள். ஒரே வட்டமாக உட்கார வைத்துச் சொல்லி எழுத வைத்தேன். நூற்று ஏழு, எல்லோரும் 107. இருநூற்று நான்கு, எல்லோரும் 204. தொள்ளாயிரத்து மூன்று என்றதும் ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. இந்த மொழியில் ஒன்பதின் குடும்பம் முழுக்க ஒரு படி மேலே கால் வைத்து நிற்கிறது. 1003 என்று எழுதி, அழித்து, அட்டைப் பெட்டியைத் தானே திறந்து 900-ஐத் தேடி எடுத்தது.

ஆயிரத்துக்கு அட்டை இல்லை. 20 செ.மீ. அகலம் வேண்டும், காலண்டர் அட்டை தீர்ந்துவிட்டது.