இட்டேரியில் பைக் இறக்கும் முன்

மண்பாதையில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு வழிகாட்டத் தன்னார்வலராக வருகிறீர்களா? முதல் வேலை நிலம் யாருடையது என்று பார்ப்பது. காங்கயம், தாராபுரம் பக்கம் கிளுவை முள்வேலிக்குள் காலியாகக் கிடப்பதுபோலத் தெரியும் கொறங்காடு, பட்டா நிலம். கொழுக்கட்டைப் புல் விட்டு மாடு மேய்க்கும் இடம். இரண்டு வேலிக்கு நடுவே போகும் இட்டேரிதான் பெரும்பாலும் பொதுவழி. சில தடங்கள் பட்டாவுக்குள்ளேயே ஓடும் என்பதால், சர்வே எண்ணை வைத்து அ-பதிவேட்டையும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று எழுதிய பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பாருங்கள். குழப்பமாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

காப்புக்காடு என்றால் பேச்சே வேண்டாம். அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். 2013-ல் புலிகள் காப்பகமான சத்தியமங்கலம் பக்கம் பழைய வண்டித்தடம் தெரிந்தாலும் அந்தத் தடத்தின் மேப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பாதை கெடுவது பெரும்பாலும் ஈரத்தில்தான். பின்சக்கரம் வெறுமனே சுற்றினால் மண் பறிந்து பள்ளம் விழும். அடுத்த மழைக்கு அதுவே வாய்க்கால். தண்ணீர் தேங்கியதும் பின்னால் வருகிறவர் ஒதுங்கி வேலியோரம் ஓட்டுவார், கிளுவை வேர் தெரியும், வேலியில் சந்து விழும், ஆடு வெள்ளாமைக்குள் போகும். ஊர்க்காரர் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அது நியாயமான கோபம். மழைக்குப் பிறகு செம்மண்ணில் இரண்டு நாளாவது பொறுங்கள். பல்லடம், உடுமலை கரிசலில் கால் வைத்தால் மண் ஒட்டாத வரைக்கும் காத்திருங்கள்.

சரிவில் தண்ணீரை வெளியே திருப்பக் குறுக்குவரப்பு போடலாம், ஊராட்சியின் சம்மதத்தோடு. பாதைக்கு நேர்குறுக்காகப் போடக் கூடாது, தண்ணீர் நின்று வண்டல் நிரம்பி மேலே வழிந்துவிடும். நேர்குறுக்கிலிருந்து 30 முதல் 45 டிகிரி சாய்வாக, திமிசு போட்டு இறுக்கிய பிறகு அரை அடி உயரம் நிற்கும்படி, மாட்டுவண்டியும் ஏறி இறங்கும்படி அகலமாகப் போடுங்கள். வெளிவாய் யார் தோட்டத்துக்குள்ளும் திறக்கக் கூடாது. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் மண்வெட்டியோடு போய் அந்த வாயைத் தூர்வார வேண்டும். அதை விட்டால் வரப்பு போட்டதே வீண்.

டயர் காற்றைச் சாலைக்கான 28, 30 பிஎஸ்ஐயிலிருந்து 20–22-க்கு இறக்கினால் பிடிப்பு கூடும், சக்கரம் சுற்றுவது குறையும். டியூப் டயரில் 18-க்குக் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் காற்றடியுங்கள்.

கோடையில் குளத்துக்குள் வண்டி இறக்காதீர்கள். ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில் கூழாங்கல் நடுவே முட்டையிடும், முட்டையும் கல்லும் ஒரே நிறம். குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் இன்ஜினை அணைத்து, வந்த தடத்திலேயே தள்ளிக்கொண்டு திரும்புங்கள்.

ஆடு மாடு எதிரே வந்தால் நிறுத்தி, “ஓட்டிட்டுப் போங்கக்கா, நாங்க நிக்கிறோம்” என்று சொல்லுங்கள். படல் (வேலிக் கதவு) மூடியிருந்தால் மூடியும், திறந்திருந்தால் திறந்தபடியும் விடுங்கள். எந்தத் தடம், எந்த நேரம், எத்தனை வண்டி என்று மனு எழுதி கிராம சபையில் கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். வேண்டாம் என்று ஊர் சொன்னால் அந்தத் தடத்தை விட்டுவிடுங்கள்.