சார்ஜ் லைட் எரியவில்லையா, முதலில் பல்பைப் பாருங்கள்

போன மாதம் மச்சானின் வள்ளத்தில் டைனமோ சார்ஜ் ஏற்றாமல் போய்விட்டது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர்தான், ஆனால் எங்கள் கடற்கரை ஊரான உவரியில் எங்களுக்கு எல்லாமே டைனமோ. ராத்திரி வலை வாங்கிக்கொண்டிருக்கும்போது முதலில் ஜிபிஎஸ் அணைந்தது, அப்புறம் தளத்து விளக்கு மங்கி மஞ்சளாகிப்போனது. சித்தப்பா ஒன்றுதான் சொன்னார்: "லே, என்ன ஆனாலும் எஞ்சினை அணைச்சிராத." அந்த டீசல் எஞ்சின் ஓடுவதற்குக் கரண்ட் வேண்டாம், செல்ஃப் அடிக்கத்தான் வேண்டும். அன்றைக்கு அது நின்றிருந்தால், பாய்கூட இல்லாத வள்ளத்தில் விடியும்வரை அலையில் கிடந்திருப்போம்.

மறுநாளே மச்சான் வள்ளியூர் போய் ஒரு பழைய டைனமோ வாங்கி வந்து மாட்டிவிட்டார். பெல்ட்டையும் நன்றாக இறுக்கியாயிற்று. அதுவும் சார்ஜ் ஏற்றவில்லை. பணம் போன வருத்தம் ஒருபுறம், தொழிலுக்குப் போக முடியாத எரிச்சல் ஒருபுறம். ஞாயிற்றுக்கிழமை நான் பாளையங்கோட்டையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

சாவியைத் திருப்பச் சொன்னேன். டேஷ்போர்டில் சிவப்பு லைட் எரியவில்லை. "அதான் எரியலல்லா, அப்போ சார்ஜ் ஆகுதுன்னுதானே அர்த்தம்?" என்றார் மச்சான். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திருப்பினால் அந்த லைட் எரிய வேண்டும், ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். டைனமோவின் ரோட்டார் காயிலுக்குள் காந்தம் பிறந்தால்தான் கரண்ட் வரும், அந்தக் காந்தத்துக்கு முதல் துளி கரண்டை பேட்டரியிலிருந்து கொண்டுபோவதே அந்தச் சின்ன பல்புதான். பல்பு ஃபியூஸ் போனால் டைனமோ புதிதாகவே இருந்தாலும் சும்மா சுற்றும்.

உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, டைனமோவின் பின்பக்க பேரிங்குக்கு அருகில் ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கொண்டுபோங்கள். காந்தம் பிறந்திருந்தால் இழுக்கும். எங்களுடையது இழுக்கவில்லை. டைனமோவில் லைட்டுக்குப் போகிற ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு 12 வோல்ட் பல்பு வழியாக டைனமோவின் அந்த முனைக்குக் கரண்ட் கொடுத்தேன். பல்பு எரிந்தது, ஸ்க்ரூடிரைவர் டக்கென்று ஒட்டிக்கொண்டது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் மீட்டரில் 12.2 ஆக இருந்தது 14.2 வோல்ட்டுக்கு ஏறியது. மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை.

ஹோல்டரை வெளியே இழுத்தேன். உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு, பல்பின் இழை அறுந்து தொங்கியது. ஒயரின் மேல்தோலை மூன்று அங்குலம் உரித்தும் செம்பு கறுப்பாகவே இருந்தது, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. உப்புக்காற்று ரப்பருக்குள் அவ்வளவு தூரம் ஏறிவிடுகிறது. அதில் சால்டர் ஒட்டாது, முழு ஒயரையும் மாற்ற வேண்டியதுதான். வெள்ளீயம் பூசிய ஒயர் கிடைத்தால் அதையே போடுங்கள், கடலில் அதுதான் தாங்கும். பல்புக்குப் பதில் எல்இடி வேண்டாம், அதன் வழியாகப் போகிற கரண்ட் பெரும்பாலும் போதாது.

முதலில் கழற்றிய டைனமோவையும் பிரித்துப் பார்த்தோம். கார்பன் பிரஷ் பாதிக்குமேல் இருந்தது, அது உரசுகிற ஸ்லிப் ரிங்கில் நகத்தை ஓட்டினால் தடுக்கவில்லை. அதில் ஒரு குறையும் இல்லை. அதையே திரும்ப மாட்டிவிட்டு, வாங்கியதை கிரீஸ் தடவி சாக்கில் சுற்றி ஸ்பேராக வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி "டைனமோ வேலை செய்யுதா" என்று பார்க்கிற பழக்கம் எங்கள் கரையில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி டைனமோவுக்குள் இருக்கிற டயோடைச் சுட்டுவிடும், கூடவே ஜிபிஎஸ்ஸும் போய்விடலாம். மீட்டர் இல்லையென்றால், எஞ்சினை ஓட்டாமல் அந்த ஸ்க்ரூடிரைவரை வைத்துக் காந்தம் பிறக்கிறதா என்றாவது பாருங்கள்.