சாவி என்னிடம்

2023 மே 7, ஞாயிறு
தம்பி இன்றும் வரவில்லை. நாலு நாள்.

மே 8
வந்தான், இரவு எட்டரைக்கு. படலையடியில் அந்தத் தளர்ந்த செயின் சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சாப்பிட்டாயா என்றேன். ஓம் என்றான். பொய். புட்டும் மாம்பழமும் வைத்தேன், மிச்சமில்லாமல் தின்றான். போனைத் தகப்பன் பறித்துவிட்டாராம். மாமன்மார் கூடிக் கதைத்தார்களாம். கலியாணம் கட்டினால் சரியாகும் என்கிறார் ஒருவர். பத்தொன்பது வயதில்! இன்னொருவர் கனடாவுக்கு அனுப்பச் சொல்கிறார், அங்கே போனால் நோய் மாறும் என்பதுபோல.
போகும்போது கேட்டான்: "ஐயா, நீங்கள் இவ்வளவு காலம் எப்பிடி இருந்தனீங்கள்?"
சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தேன்.

மே 9
கேட்டேவிட்டேன். "சாகவேணும் எண்டு யோசிக்கிறியோ?"
அந்தச் சொல்லை எடுத்தால் நானே நினைப்பை ஊட்டிவிடுவேனோ என்று இத்தனை நாளும் பயம். அப்படி இல்லை, நேரே கேட்கலாம், கேட்டால் பாரம்தான் குறையும் என்று கிளினிக்கில் தாதிப்பிள்ளை சொன்னா. அவன் நெடுநேரம் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லத் தலையாட்டினான். எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். கை நடுங்கிப் பாதி நிலத்தில்.
இரவு இங்கேயே படுத்தான். நான் படுக்கவில்லை.

மே 10
விடியத் தாயிடம் போனேன். வயலுக்கு அடிக்கிற மருந்தெல்லாம் பின்கொட்டிலில் திறந்தபடி கிடந்தது. பூட்டவேண்டும் என்றேன். ஏன் என்று அவ கேட்கவில்லை. பூட்டினா, சாவியை என் கையில் வைத்தா, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. தாய்க்கு எல்லாம் தெரியும்.
தொண்ணூறுகளில் ஊருக்கு ஊர் இதே சாவுதான். கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகுதான் நாட்டில் குறைந்தது. சனத்தின் கவலை குறைந்தா போனது? அந்த ஒரு மணித்தியாலத்தில் மருந்து கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.
செய்தியில் 365, 365அ, ஆணோடு ஆண் கூடினால் குற்றம் என்கிற சட்டப்பிரிவுகள். அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவை, வெள்ளைக்காரன் எழுதிவைத்தது. பின்னேரம் அவனுக்குச் சொன்னேன்.
"அப்ப சட்டம் போட்டுதோ?"
"இல்லை. பாராளுமன்றம் நிறைவேற்றவேணும்."
"அப்பாவுக்கு ஆர் ஐயா சட்டம் எழுதுறது?"
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான், கனநாளைக்குப் பிறகு.

மே 12
சாவி இடுப்பில். இரவு இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன்.

மே 15
கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். உறவுமுறை என்ன என்று துண்டு எழுதுகிற இடத்தில் கேட்டார்கள். பெரியப்பா என்றேன். திரும்பும்போது பஸ்ஸில் "பெரியப்பாவோ?" என்று முழங்கையால் இடித்தான். வீட்டுக் கலண்டரில் 1926 என்று பெரிதாக எழுதியிருக்கிறேன், தேசிய மனநல உதவி எண். அவனுக்கு என்று எழுதினேன். எனக்கும் கிடக்கட்டும்.
செயினை இறுக்க ஐந்து நிமிடம் போதும். இறுக்கவில்லை. அவன் வருவது எனக்குத் தெரியவேண்டாமா.

மே 18
முள்ளிவாய்க்கால். பதினாலு வருடம்.
சிரட்டையில் கஞ்சி தந்தார்கள். பக்கத்தில் ஒரு அம்மா, மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு.
"உங்களுக்கு ஆர்?"
"சிநேகிதன்."
"சொந்தக்காரர் இல்லையோ?"
இல்லை என்றேன். பதினேழு வருடம் ஒரே பானையில் சோறு தின்ற மனிதனுக்கு ஒரு முறைப்பெயர் இல்லை. அவருடைய பெயரில் படிவம் நிரப்பியது தமக்கை. பெற்றோர், மனைவி, பிள்ளைகள், சகோதரர் என்று கோடு போட்டிருந்தது. நான் பேனாவைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.
காற்றுக்கு என் சுட்டி விளக்கு அணைந்துவிட்டது. அந்த அம்மாதான் தன்னுடையதைச் சரித்துப் பற்றவைத்துத் தந்தா.
இரவு தம்பியிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம். "படம் இருக்கோ?" என்றான். இல்லை. இடம்பெயர்வில் எல்லாம் போயிற்று. பதுங்குகுழி வாசலில் இருந்து பாலைப்பழம் தின்பார், கொட்டையைத் தூரத் துப்புவார் என்றேன். அதைக் காட்டச் சொன்னான்.

மே 19
எழும்ப மனமில்லை. கடை திறக்கவில்லை. நான் இங்கே செத்துக் கிடந்தால் எத்தனை நாளில் மணக்கும் என்று ஒரு யோசனை. பின்னேரம் வாய்தவறி அதை அவனிடம் சொல்லியும்விட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.
"காலமை போகேக்க பெல் அடிப்பன். நீங்கள் இருமினால் காணும்."

மே 20
பெல். இருமினேன்.

மே 21
பெல். இருமினேன்.

மே 22
பெல் இல்லை. ஏழு, ஏழரை. வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு படலைவரை ஓடினேன், இந்த முழங்காலோடு. ஒழுங்கை முடக்கில் செயின் கழன்று குந்திக்கொண்டிருக்கிறான், கையெல்லாம் கிறீஸ். நல்ல ஏச்சு ஏசினேன். பிறகு செயினை இறுக்கிக் கொடுத்தேன்.

மே 24
தகப்பன் வந்தார். படலைக்கு உள்ளே வரவில்லை. நாளைக்கு வயலுக்கு மருந்தடிக்கவேண்டும், சாவி என்னிடமாமே என்றார்.
நானும் வயலுக்கு வருகிறேன், அடித்து முடிய மிச்சத்தைப் பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.
என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.
"ஆறு மணிக்கு வாங்கோ," என்றார்.