மாஸ்டர் இல்லாத அடுப்படி

சைதாப்பேட்டையில் அப்பா டிபன் கடை வைத்திருந்தார். பரோட்டா மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டால் அன்று ராத்திரி பரோட்டா கிடையாது. இரண்டாவது கடை போட அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. இன்னொரு நல்ல மாஸ்டருக்கு எங்கே போவது என்பதிலேயே அது நின்றுபோனது.

எனக்கு வேளச்சேரியில் ஒரு பன்னாட்டு பர்கர் கடையில் வேலை கிடைத்தது. முதல் நாளே பொரிக்கும் இடத்தில் நிறுத்தினார்கள். உறைந்த உருளைக்கிழங்குத் துண்டுகளைக் கூடையில் கொட்டி, எண்ணெயில் இறக்கி, பட்டனை அழுத்த வேண்டும். பீப் சத்தம் கேட்டதும் தூக்க வேண்டும். பதம் பார்க்கிற வேலையே இல்லை. மூன்றாம் நாள் தனியாகச் சமாளித்தேன்.

அப்புறம் ஓஎம்ஆரில் புதுக் கிளை. அடுப்பு வருவதற்கு முன்பே மேனேஜர் தரையில் டேப் ஒட்டி, எங்களை வெறுங்கையோடு பர்கர் கட்டுவதுபோல நடக்கவிட்டார். ஒருவர்மேல் ஒருவர் இடித்தால் டேப்பைப் பிய்த்து வேறு இடத்தில் ஒட்டினார். நாள் முழுக்க இதேதான்.

மெக்டொனால்ட்ஸ் கடையைத் தொடங்கிய மெக்டொனால்ட் சகோதரர்கள் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் இதையே செய்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். கடையை மாற்றியமைத்தபோது டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் அடுப்படியை வரைந்து, ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தார்களாம். மில்க்‌ஷேக் மெஷின் விற்ற ரே கிராக் 1954இல் அங்கே போனார். அந்த ஒழுங்கை எந்த ஊருக்கும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அவருக்குப் பட்டது. 1955இல் சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள டெஸ் பிளெய்ன்ஸில், அதே பெயரில் தன் முதல் கடையைத் திறந்தார். 1961இல் 27 லட்சம் டாலர் கொடுத்துச் சகோதரர்களிடமிருந்து பெயரையும் உரிமையையும் வாங்கிவிட்டார். கடை நடத்துபவர்களுக்கு இடத்தையும் கம்பெனியே வாடகைக்கு விட்டதில்தான் பெரிய பணம் வந்தது. 1996இல் டெல்லிக்கு வந்தபோது மாட்டிறைச்சியை விட்டுவிட்டார்கள். அடுப்படி ஒழுங்கை விடவில்லை.

ஒருநாள் அப்பா எங்கள் கிளைக்கு வந்தார். கவுண்டருக்கு வெளியே நின்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க மாஸ்டர் யாருப்பா?"

"அப்படி யாரும் இல்லப்பா."

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன பெண் கூடையைத் தூக்கி உதறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன சம்பளம் என்று கேட்டார். சொன்னேன்.

"நம்ம மாஸ்டருக்கு அப்பவே இதவிட அதிகமா குடுத்தேனே" என்றார்.