மரத்துப்போன மூன்று விரல்கள்

1993இல் பினாங்கு ஜார்ஜ்டவுன் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் கிராணியாக (குமாஸ்தாவாக) சேர்ந்தேன். தடித்த பேரேடு, கார்பன் தாள். கணக்கு உதைத்தால் பக்கத்து மேசை அக்காவைக் கூப்பிடுவேன். எண்களைச் சரிபார்த்துக்கொண்டே மகளின் கல்யாணக் கதையையும் சொல்லி முடித்துவிடுவார்.

இப்போது அந்த இடத்தில் ஒரு தம்பி. மூன்றடி தூரத்திலிருந்து வாட்ஸ்அப் அனுப்புகிறான்: 'அக்கா, இன்வாய்ஸ் எண் தப்பு.' நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறேன். பேச்சு முடிந்தது.

2015 ஏப்ரலில் மலேசியாவில் ஜிஎஸ்டி என்ற பொருள், சேவை வரி வந்தது, மென்பொருளை மாற்றினோம். 2018 செப்டம்பரில் அதற்குப் பதிலாகப் பழைய விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது, மறுபடியும் மாற்றினோம். இரண்டு முறையும் இரவு ஒன்பது வரை மவுஸும் நானும்தான். போன வருஷம் கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்துப்போனது. நடுராத்திரியில் எழுந்து கையை உதறுவேன். வீட்டுக்காரர் பயந்தே போனார்.

கார்பல் டனல், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்றார் டாக்டர். மவுஸ் மேல் மட்டும் பழி போடாதீர்கள், நடுத்தர வயதுப் பெண்களுக்கு இது அதிகம் வரும் என்றும் சொன்னார். (வயதை ஞாபகப்படுத்தாமல் சொல்லியிருக்கலாம்!) தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை கொடுத்தார். இப்போது பரவாயில்லை.

நேற்று பசியாற அந்தத் தம்பியை லிட்டில் இந்தியாவுக்கு இழுத்துப்போனேன். தே தாரிக் வரும்வரை இருவரும் கைப்பேசியைத்தான் பார்த்தோம். அப்புறம் அவனே கேட்டான்:

"அக்கா, பேரேடுன்னா என்ன?"