வாலறுந்த பூனையின் ஊரில்

மார்கழி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கே இருட்டிவிட்டதால், விளக்கேற்றிவிட்டு வழக்கம்போல் வாசல் கதவைத் திறந்து வைத்தேன். கீழே படிக்கட்டிலிருந்து "வ்ரதாத்தா! வ்ரதாத்தா!" என்று வீட்டுக்காரப் பாட்டி அலறினார். ஏதோ ஒரு தாத்தாவுக்கு ஆபத்து என்று பதறி ஓடினால், அந்தச் சொல்லுக்குக் கதவு என்று பொருளாம். விறகு அடுப்பின் சூடெல்லாம் வெளியே போகிறது என்று அவர் கைகளால் விளக்க, புரிந்தது என்று பலமாகத் தலையை ஆட்டினேன். பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை' என்று அர்த்தம். ஆகவே அவர் முழுவதையும் மறுபடி, இன்னும் உரத்த குரலில் சொன்னார்.

கப்ரோவோ என்னும் இந்த ஊர் பால்கன் மலைத்தொடரின் அடிவாரத்தில், யாந்த்ரா ஆற்றோடு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீண்டு ஒடுங்கிக் கிடக்கிறது. ஊரை நிறுவியவராகச் சொல்லப்படும் ராச்சோ என்ற கொல்லர், ஆற்றின் நடுவே பாறைமேல் சிலையாக நிற்கிறார். ஆனாலும் ஊருக்குச் சின்னம் வாலறுந்த கறுப்புப் பூனைதான். குளிர்காலத்தில் பூனையின் வால் நிலைப்படியைத் தாண்டும்வரை கதவு திறந்திருந்தால் அவ்வளவு சூடும் வீணாகுமே என்று வாலையே நறுக்கிவிட்டார்களாம். பல்சக்கரம் தேயாமலிருக்க இரவில் கடிகாரத்தை நிறுத்திவைப்பார்கள் என்பதும் அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கும் கதை. சிரிப்புக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தை 1972 ஏப்ரல் 1 அன்று திறந்தவர்கள் இவர்கள். ஆனால் இவ்வூரில் பிறந்து ஒடெசாவில் வணிகம் செய்த வசில் அப்ரிலோவ் பணம் கொடுத்து முன்னின்றதால்தான், பல்கேரியர்களின் முதல் மதச்சார்பற்ற பள்ளி 1835இல் இங்கே தொடங்கியது. அயலூரில் சம்பாதித்து ஊருக்கு அனுப்புகிறவரின் ஊரைக் கஞ்சர்களின் ஊர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

எங்கள் திருவையாற்று வீட்டில் பகலில் தெருக்கதவு சாத்தியிருந்தால், யாருக்கு என்ன ஆயிற்று என்று எதிர்வீட்டு அத்தை விசாரிக்க வந்துவிடுவார். விளக்கு வைக்கும் நேரத்தில் கொல்லைக்கதவைச் சாத்தி வாசல் கதவைத் திறக்க வேண்டும், மகாலட்சுமி வரும் நேரம் என்பது அம்மாவின் கண்டிப்பு. அந்த நேரத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் காபிப்பொடி கடன் கேட்ட பக்கத்துவீட்டார்தான்.

இது நான்காவது குளிர்காலம். உள்ளே நுழைந்துகொண்டே குதிகாலால் கதவைச் சாத்தும் வித்தை எனக்குக் கைவந்துவிட்டது. மார்ச் 1 அன்று பாட்டி சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய மார்த்தெனித்சா நூலைக் கட்ட வரும்போது, ஆடிப்பெருக்கில் காவிரிக்கரையில் மஞ்சள் கயிற்றுக்கு நீட்டிய அதே கையை நீட்டுகிறேன். முழுதாக ஊர்க்காரனாகிவிட்டேன் என்று அம்மாவிடம் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை வாசல் கதவைத் திறந்து வைக்கிறாய் அல்லவா?" என்று கேட்டார்.

"வைக்கிறேன் அம்மா."

பொய்யில்லை. பாட்டி ரொட்டி வாங்கப் போகும் நேரம் பார்த்து, வாலில்லாத ஒரு பூனை நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்து, பத்து எண்ணியதும் சாத்திவிடுகிறேன்.