ஒரே தெருவில் ஐம்பத்து மூன்று ஆண்டுகள்: நாஷ்வில்லில் சார்லி பிரைடு

அமெரிக்காவின் நாஷ்வில் போகிறவர்களில் பெரும்பாலானோர் ப்ராட்வேயின் நியான் விளக்குகளைப் பார்ப்பார்கள், ஒரு அருங்காட்சியகத்தில் ஏறி இறங்குவார்கள், ஊரையே பார்த்துவிட்டதாக நினைத்துக் கிளம்பிவிடுவார்கள். அந்த ப்ராட்வேயைக் குறுக்கே கடந்து போகிறது ஜான் லூயிஸ் வே. அதில் வடக்கிலிருந்து தெற்காக நிற்காமல் நடந்தால் கால் மணி நேரம்தான். அதற்குள் சார்லி பிரைடின் இசை வாழ்க்கை கிட்டத்தட்ட முழுவதும் கண்முன் வந்துவிடும். கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய மரபில் வந்த இசை), காஸ்பெல் (கிறிஸ்தவப் பக்தி இசை) இரண்டிலும் கிராமி விருது வாங்கிய இந்தக் கறுப்பினப் பாடகருக்காக மட்டுமே நாஷ்வில் போகலாம். நடப்பதற்குச் செலவும் இல்லை.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர 18-ஆம் எண் பேருந்து இருக்கிறது. கட்டணம் 2 டாலர்தான். ரொக்கமாகக் கொடுப்பதென்றால் சரியான சில்லறை கையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை செயலியில் கார் கூப்பிட்டால் பல மடங்கு ஆகும். சொந்தமாக வாடகைக் கார் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். பகலில் சுமாரான விலைக்குக் கிடைக்கும் பார்க்கிங் இடம், ஹாக்கி ஆட்டமோ பெரிய கச்சேரியோ இருக்கும் இரவில் கொள்ளை விலைக்குப் போய்விடும். பலகையில் ஒரு விலை போட்டிருக்கும், இயந்திரத்தில் வரியும் கட்டணமும் ஏறி வேறு விலை வரும். ஊரின் நடுவே கார் வேண்டவே வேண்டாம்.

தெருவின் பெயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய வரைபடங்களிலும் பழைய வழிகாட்டி நூல்களிலும் இது ஐந்தாம் அவென்யூ. இந்தத் தெருவில் இருந்த கடைகளின், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசைகளில்தான் 1960 பிப்ரவரியில் கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ், தெருவின் இன்றைய பெயர் அவருடையது. முதல் முறையாக அவர் கைதானது அப்போதுதான். வுல்வொர்த் கடை இருந்த கட்டடம் இன்னும் நிற்கிறது, நடையை அங்கே தொடங்குங்கள். அடுத்து வரப்போகும் ரைமன் அரங்கத்தின் மேடையில் பிரைடு ஏறியது அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து. இந்த வரிசையில் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உறைக்கும்.

ரைமன் அரங்கம் 1892-இல் கட்டப்பட்டது. அப்போது அது யூனியன் காஸ்பெல் டேபர்நேக்கிள் என்ற பிரார்த்தனைக் கூடம். இன்றும் அங்கே நாற்காலி கிடையாது, தேவாலயத்து நீள மரப் பெஞ்சுகள்தான். 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சி இங்கிருந்துதான் ஒலிபரப்பானது. 1967 ஜனவரி 7 அன்று கன்ட்ரி பாடகர் எர்னஸ்ட் டப் அறிமுகப்படுத்த, பிரைடு இந்த மேடையில் பாடினார். ஆப்ரியின் முதல் கறுப்பின நட்சத்திரமான டிஃபோர்ட் பெய்லி 1941-இல் வெளியேற்றப்பட்டவர். நடுவில் எத்தனை ஆண்டுகள் போயிருக்கின்றன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரைடின் முதல் இசைத்தட்டை ஆர்.சி.ஏ. நிறுவனம் அவர் படமில்லாமலேயே வானொலி நிலையங்களுக்கு அனுப்பியிருந்தது. அப்படி முகம் மறைக்கப்பட்டவர்தான் 1971 அக்டோபரில் இதே ரைமனில் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் 'ஆண்டின் சிறந்த கலைஞர்' விருதை வாங்கினார். சிறந்த ஆண் பாடகர் விருது அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவருக்கே.

ரைமனுக்குப் பகல் நேரச் சுற்று டிக்கெட் எடுப்பதற்கு முன், அன்று இரவு என்ன கச்சேரி என்று பார்த்துவிடுங்கள். சில நாட்களில் கச்சேரியின் மலிவு டிக்கெட்டுக்கும் சுற்று டிக்கெட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கச்சேரிக்கே போங்கள், அந்த மரக்கூடத்தில் குரல் எப்படிக் கேட்கிறது என்பதுதான் அங்கே முக்கியம். மேடையில் நிறுத்திப் படம் எடுத்துத் தனி விலைக்கு விற்பார்கள். அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

காஸ்பெல் கதையை நாஷ்வில் போகிறவர்கள் அநேகமாகத் தவறவிடுகிறார்கள். பிரைடு என்றால் எல்லோரும் சொல்வது 1971-இல் வந்த 'கிஸ் ஆன் ஏஞ்சல் குட் மார்னிங்' பாட்டை. ஆனால் அவருடைய முதல் இரண்டு கிராமி விருதுகளும் காஸ்பெல் பாட்டுக்குக் கிடைத்தவை. 1972-இல் நடந்த விழாவில் 'டிட் யூ திங்க் டு ப்ரே' தொகுப்புக்கு சேக்ரட் (சமயப் பாடல்) பிரிவில் ஒரு விருது, அதில் உள்ள 'லெட் மீ லிவ்' பாட்டுக்கு காஸ்பெல் பிரிவில் இன்னொன்று. தொகுப்பின் பெயர் 19-ஆம் நூற்றாண்டுப் பாமாலை ஒன்றிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் கிராமியில் 'சோல் காஸ்பெல்' தனிப் பிரிவு, 'சோல் அல்லாத காஸ்பெல்' தனிப் பிரிவு. நடைமுறையில் முதலாவது கறுப்பினப் பாடகர்களுக்கு, மற்றது வெள்ளையருக்கு என்றே ஆகியிருந்தது. அந்த ஆண்டு சோல் காஸ்பெல் விருது ஷர்லி சீசருக்குப் போனது. பிரைடு வென்றது சோல் அல்லாத பிரிவிலும் சேக்ரட் பிரிவிலும். ஆண்டின் சிறந்த கலைஞர் விருதுக்கு நிகராக வைத்துப் பேச வேண்டிய சாதனை இது.

கன்ட்ரிக்கான கிராமி அடுத்த ஆண்டுதான், 'ஹார்ட் சாங்ஸ்' தொகுப்புக்கு. 1973 மார்ச்சில் அந்த விழாவே நாஷ்வில்லில், சர்ச் தெருவில் இருந்த டென்னசி தியேட்டரில் நடந்தது. கட்டடம் இப்போது இல்லை, தேடி அலைய வேண்டாம்.

காஸ்பெல் பின்னணி புரிய வேண்டுமானால் ப்ராட்வே மூலையில் 2021-இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க இசை தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். காஸ்பெலுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. ஒரே ஓர் அருங்காட்சியகத்துக்குத்தான் பட்ஜெட் இடம் கொடுக்கும் என்றால் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ரைமன், இது, கன்ட்ரி கலைஞர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம் மூன்றுக்கும் வரியோடு ஒருவருக்கு ஏறத்தாழ 100 டாலர் எடுத்து வைக்க வேண்டும்.

சாப்பாட்டை ப்ராட்வேயில் வைத்துக்கொள்ளாதீர்கள், விலைக்கு ஏற்ற ருசி இல்லை. சில தெருக்கள் தள்ளிப் போய் 'மீட் அண்ட் த்ரீ' கடையைப் பிடியுங்கள். ஒரு இறைச்சி, நாம் தேர்ந்தெடுக்கும் மூன்று பக்க உணவுகள், சோள ரொட்டி. மதியம் ஒரு தட்டு சாப்பிட்டால் இரவு வரை பசிக்காது. பல கடைகள் மதியத்தோடு மூடிவிடும், வார இறுதியில் திறக்காதவையும் உண்டு. இந்த ஊரின் ஹாட் சிக்கன் நம் நாக்குக்கும் உறைக்கும். மிளகாய்த்தூளைச் சூடான கொழுப்பில் குழைத்துப் பொரித்த கோழிமேல் பூசி, வெள்ளை ரொட்டிமேல் வைத்து, ஊறுகாய் வெள்ளரித் துண்டோடு தருவார்கள். காரம் சாப்பிட்டுப் பழகியவர்களும் நடுத்தர அளவில் தொடங்குவது நல்லது.

ஹால் ஆஃப் ஃபேமில் பார்வை மேல் தளத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். வெண்கலப் பட்டயங்கள் உள்ள வட்டக்கூடம் கடைசியில்தான் வரும். அதற்குள் கால் சோர்ந்துவிடும் என்பதால் நேரம் மிச்சம் வையுங்கள். பட்டயங்கள் ஆண்டு வரிசையில் இல்லை. யாரும் யாருக்கும் மேல் இல்லை என்பதற்காக வேண்டுமென்றே கலைத்து மாட்டியிருக்கிறார்கள். பிரைடு 2000-இல் சேர்க்கப்பட்டார், அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர். பெய்லிக்கு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேடிக் களைக்காமல் ஊழியர்களிடம் கேளுங்கள், காட்டுவார்கள்.

எதிர்ப்புறம் நிற்கும் மியூசிக் சிட்டி சென்டர் ஒரு மாநாட்டுக் கட்டடம், உள்ளே போய்ப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் 2020 நவம்பர் 11 அன்று, பெருந்தொற்றுக்கு நடுவே, பிரைடு கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் வாழ்நாள் சாதனையாளர் விருதை வாங்கியது இங்கேதான். அன்று கன்ட்ரி பாடகர் ஜிம்மி ஆலனோடு சேர்ந்து பாடவும் செய்தார். ஒரு மாதத்தில், டிசம்பர் 12 அன்று, டல்லஸில் கோவிட் பாதிப்பால் இறந்தார். வயது 86.

இந்தத் தெருவுக்கு வெளியே அவசியம் போக வேண்டியது, ஆப்ரி நிகழ்ச்சி இப்போது நடக்கும் ஆப்ரி ஹவுஸ் அரங்கம். ஊர் நடுவிலிருந்து 16 கிலோமீட்டர் இருக்கும். 1993 மே 1 அன்று பிரைடு அங்கே ஆப்ரி உறுப்பினரானார். மேடை நடுவில் ரைமனிலிருந்து வெட்டி வந்து பதித்த மர வட்டம் இருக்கிறது. போவதற்கு ஆப்ரி மில்ஸ் பேருந்து போதும். நிகழ்ச்சி முடிய இரவு 9 மணியைத் தாண்டிவிடும், திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் பார்த்துக்கொண்டே டிக்கெட் எடுங்கள். தவறவிட்டால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கார் கேட்பார்கள், விலை எகிறும்.

கையில் இன்னொரு நாளும் காரும் இருந்தால் மிசிசிப்பியில் அவர் பிறந்த ஸ்லெட்ஜ் வரை போகலாம். அங்கே பருத்திக் குத்தகை விவசாயியான அவர் அப்பாவின் ஃபில்கோ வானொலியில்தான் பிரைடு சிறுவயதில் ஆப்ரியைக் கேட்டார். மெம்ஃபிஸ் வரை 340 கிலோமீட்டர், அதற்குத் தெற்கே இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஊர் மிகச் சிறியது. சாப்பாட்டையும் பெட்ரோலையும் மெம்ஃபிஸிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.